மன்னிக்காத பள்ளிகள்

பூந்தமல்லி தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் வருகிறவர்களுக்குச் செம்பரம்பாக்கம் என்றால் ஏரி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அதை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சினிமாக்காரர்களுக்கோ செம்பரம்பாக்கம் என்றால் ஈ.வி.பி. பிலிம் சிட்டி, பொழுதுபோக்குப் பூங்காவாக இருந்து படப்பிடிப்புத் தளமாக மாறிய வளாகம். தமிழ் ‘பிக் பாஸ்’ வீடு எழும்பியது அங்கேதான். 2020 பிப்ரவரியில் ‘இந்தியன் 2’ படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் உயிர் போனதும் அங்கேதான். இங்கிருந்து மேற்கே காஞ்சிபுரம், அதையும் தாண்டிச் செய்யாறு என்று போனால் கூத்து ஆடும் சீமை. கிழக்கே திரும்பினால் பல்லாவரத்தை ஒட்டிப் பம்மல். தமிழ் நாடகத்துக்கு ஒரு சம்பந்த முதலியாரின் பேரோடு சேர்ந்து வந்த ஊர். தமிழ் நடிப்பின் பள்ளிகளைப் பற்றி எழுத, நின்று பார்ப்பதற்கு இது தோதான இடம்தான்.

நம் நடிப்பில் ஒரு வாத்தியாரும் ஒரு பிரம்பும் நாலு பையன்களும் சேர்ந்தாலே பள்ளி. ஒவ்வொரு பள்ளியும் தான் சொல்லித்தருவதாகச் சொல்லிக்கொள்ளும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றேதான்: குரல், உச்சரிப்பு, பாவம், தாளம். ஆகவே ஒரு பள்ளியைத் தெரிந்துகொள்ள, அது எந்தத் தப்பை மன்னிக்காது என்று பார்ப்பதுதான் என் வழக்கம். தரம் என்பது அங்கேதான் பிடிபடும்.

கூத்தில் தொடங்குகிறேன். தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை ஆடுவார்கள். வேடம் கட்டும் இடத்தில் போய் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்த உழைப்பு புரியும். முகத்தில் அரிதாரம் பூசி, கோடு இழுத்து, பொட்டு வைத்து முடிக்கவே நெடுநேரம் ஆகும். இடுப்பில் வைக்கோல் புரியைச் சுற்றி அதன்மேல் பாவாடை. அப்போதுதான் சுழலும்போது அது குடையாக விரியும். பிறகு கட்டை. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, ஜிகினாத் தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டிய கிரீடம், தோளுக்கு, மார்புக்கு என்று தனித்தனி அணிகள். ஒவ்வொன்றையும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். இலேசான மரம்தான் என்றாலும் எல்லாம் ஏறிய பிறகு அந்த ஆள் நம்மைப்போல் கையைத் தொங்கவிட்டு நிற்க முடியாது. தோள் விரிந்தே நிற்க வேண்டும். அரசன் அப்படி உண்டாகிறான்.

அந்த வேடத்தோடு நேரே வந்து நின்றுவிடவும் கூடாது. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் நின்று துரியோதனன் பாடுவான். கிரீடத்தின் உச்சி தெரியும், சலங்கைக் கால் தெரியும், முகம் தெரியாது. முகவீணையும் மிருதங்கமும் பெட்டியும் கூடவே ஏறும். பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிப் பாடுவார்கள். திரை விலகுவதற்குள் முன்வரிசைக் கிழவர்கள் தீர்ப்பு எழுதி முடித்திருப்பார்கள். தாளம் தப்பினால் தொலைந்தான். வசனம் மறந்தால் கட்டியங்காரன் ஏதாவது கேட்டுச் சமாளித்துவிடுவான். தொண்டை கட்டினால் பின்பாட்டு தாங்கிக்கொள்ளும். தாளத்தில் இடறினால் தாங்க ஆள் கிடையாது. கூத்து மன்னிக்காத குற்றம் அது.

மன்னிக்காத இன்னொன்றும் உண்டு. துகிலுரியும் காட்சியில் துச்சாதன வேடக்காரர் திரௌபதி வேடக்காரரின் சேலையைத் தொடுமுன் நின்று, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது பல ஊர்களில் வழக்கம். அடுத்த நொடியே பல்லைக் கடித்துக்கொண்டு பாய்வார். நடிகன் வேறு, வேடம் வேறு என்று ஊருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தக் கோட்டை அவர் மறந்துவிட்டால் ஊர் மறக்காது. ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் 1935-ல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, நடிகன் பாத்திரத்திலிருந்து விலகி நிற்பதைப் பற்றி எழுதினார். உலகமே அதைப் பாடமாகப் படிக்கிறது. பின்னாளில் அதே பிரெக்டின் வெண்கட்டி வட்டக் கதையைப் புரிசை ஊர்க் கூத்துக் குழு கூத்தாக ஆடியபோது, அந்தப் பாடத்தைப் புதிதாகக் கற்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். கார்சியா மார்க்கேஸின் சிறகு முளைத்த கிழவன் கதையையும் அவர்கள் கூத்தாக்கியிருக்கிறார்கள்.

பாணிகள் என்று பார்த்தால், காஞ்சிபுரம், செய்யாறு, வேலூர்ப் பக்கத்தை வடக்கத்திப் பாணி என்றும், விழுப்புரம், கடலூர்ப் பக்கத்தைத் தெற்கத்திப் பாணி என்றும் பிரிப்பது வழக்கம். வடக்குக்குள்ளேயே பெருங்கட்டூர்ப் பாணி என்று தனியாகச் சொல்வார்கள். அந்த வழியில் வந்தவர் பெ. ராஜகோபால். சிறுவனாகத் தந்தையோடு வேடம் கட்டத் தொடங்கியவர். தெருக்கூத்து என்ற பேரில் ‘தெரு’ என்பது இளக்காரமாக ஒலிக்கிறது என்று ‘கட்டைக்கூத்து’ என்ற பேரையே பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டவர். 1990-ல் கட்டைக்கூத்துச் சங்கமும், 2002-ல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் குருகுலமும், நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வாளரான தம் மனைவி ஹன்னே டி புரூய்னோடு சேர்ந்து தொடங்கி நடத்தினார். பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்றுத் தந்த இடம். பெண் பிள்ளைகள் கட்டை கட்டிக்கொண்டு பீமனாகவும் துரியோதனனாகவும் நின்றது அங்கேதான். ஆண்கள் பெண் வேடம் கட்டியே பழகிய கலையில் இது சின்னக் காரியமில்லை. 2020-ல் குருகுலம் மூடப்பட்டது.

சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளின் கதை வேறு. அங்கே மன்னிக்கப்படாதது பாடம் மறப்பது. தூத்துக்குடிச் சீமையில் 1867-ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் முதலில் நடிகர்தான். எமன், சனீஸ்வரன், இரணியன் என்று பயமுறுத்தும் வேடங்கள். சனீஸ்வரன் வேடத்தோடு விடியற்காலையில் குளக்கரைக்கு வந்தவரைப் பார்த்த ஒரு கர்ப்பிணி அதிர்ந்து விழுந்ததாகவும், அதோடு அவர் வேடம் போடுவதையே நிறுத்தி வாத்தியாரானதாகவும் நாடக உலகில் சொல்வார்கள். 1918-ல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்த பையன்களில் டி.கே.எஸ். சகோதரர்களும் உண்டு. ‘அபிமன்யு சுந்தரி’யை அவர் ஒரே இரவில் எழுதி முடித்ததை டி.கே. சண்முகம் எழுதி வைத்திருக்கிறார்.

கம்பெனி வீட்டில் பையன்களுக்கு எல்லாப் பாடமும் வர வேண்டும். தன் பாத்திரம் மட்டும் தெரிந்தால் போதாது. ராஜபார்ட் காய்ச்சலில் படுத்தால் பாலபார்ட் ஏறியாக வேண்டும். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில் சீதை வேடம் கட்டிய, பின்னாளில் சிவாஜியான கணேசன், பிறகு பரதன், சூர்ப்பனகை, இந்திரஜித் என்று மாறி மாறி நின்றது இந்த முறையில்தான். 1952 அக்டோபர் 17-ல் ‘பராசக்தி’ வெளிவந்தபோது தமிழ்நாடு கேட்டது புதுமுகத்தின் குரல் என்று பத்திரிகைகள் எழுதலாம். அந்தக் குரல் சிறுவயதிலிருந்தே மைக் இல்லாத கொட்டகைகளில் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரப் பழகிய குரல். சிவாஜி நடிப்பு மிகை என்று இன்றைய பிள்ளைகள் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடைசி வரிசைதான் ஞாபகம் வரும். அவர் யாருக்காக நடித்துப் பழகினாரோ அவர்களை கேமரா பார்த்ததில்லை.

இந்தப் பள்ளி மன்னிக்காத இன்னொரு குற்றம், பையனின் கையில் இல்லாதது. மகரக்கட்டு. குரல் உடைந்தால் நேற்றுவரை கம்பெனியைத் தூக்கி நிறுத்திய பையன் இன்று ஓரமாக நிற்பான். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் ஏழெட்டு வயதில் சேர்ந்த எம்.ஜி.ஆர். காளி என். ரத்தினத்திடம் பாடம் கேட்டவர். அதே கம்பெனியில் பி.யு. சின்னப்பா பாட்டால் கொடிகட்டிப் பறந்தார். பாட்டு தனக்கு அந்த அளவுக்கு வராது என்ற நிலையில் எம்.ஜி.ஆர். உடம்பையும் வாள்வீச்சையும் நம்பினார் என்று நான் வாசிக்கிறேன். 1936-ல் ‘சதி லீலாவதி’யில் அவரும் என்.எஸ். கிருஷ்ணனும் டி.எஸ். பாலையாவும் ஒன்றாக அறிமுகமானார்கள். மூவரும் நாடகமேடை வளர்ப்புகள். எம்.என். நம்பியார் வந்தது நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் கம்பெனியிலிருந்து. கமல்ஹாசன் சிறுவனாக டி.கே.எஸ். நாடக சபாவில் இருந்தவர். 1996-ல் ‘அவ்வை சண்முகி’ என்று பேர் வைத்தது, அவ்வையாராகவே வாழ்ந்து காட்டிய தம் வாத்தியார் டி.கே. சண்முகத்துக்குச் செய்த மரியாதை.

ஸ்பெஷல் நாடகம் இவற்றுக்கு நேரெதிர். கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர், மேடையில்தான் சந்திப்பார்கள். வள்ளி திருமணத்தில் வேலனும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கினால், பதில் பாட்டு வராமல் திணறுகிறவர் அந்த வட்டாரத்தில் மறுபடி ஒப்பந்தம் வாங்க முடியாது. கே.பி. சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் 1926-ல் இலங்கையில் சேர்ந்து மேடையேறியபோது, கிட்டப்பாவின் உச்சஸ்தாயிக்கு ஈடு கொடுக்க முடியுமா என்று அந்தப் பெண்ணைப் பயமுறுத்தினார்களாம். கொடுத்தார். 1933-ல் கிட்டப்பா இருபத்தேழு வயதில் போய்ச் சேர்ந்த பிறகு வெள்ளைச் சேலைக்கு மாறியவர், ‘நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கி ஊரை வாய் பிளக்க வைத்தார். 1958-ல் சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார்.

பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை 1891 ஜூலை 1-ல் தொடங்கியது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் கூலி வாங்காமல் நடித்த சபை. சத்தியமூர்த்திகூட அதில் வேடம் கட்டியிருக்கிறார். கூத்தாடி என்ற சொல் வசவாக இருந்த காலத்தில், படித்தவன் வேடம் போட்டால் கௌரவம் குறையாது என்று காட்டியது அவர்களுடைய பெரிய சாதனை. நேரம் தவறுவதையும் ஆபாசத்தையும் அவர்கள் மன்னிக்கவில்லை. ஆனால் அந்தக் கௌரவத்துக்காகக் கூத்தை எட்டத்திலேயே நிறுத்தினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பம்மலுக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே ஒரு வண்டிப் பயணம்தான். ஒரு நூற்றாண்டுக்கு அருகில் அந்த வண்டியை யாரும் பூட்டவில்லை. சம்பந்த முதலியார் எழுதி அவரே நடித்த மனோகரன் 1954-ல் சிவாஜியிடம் வந்தபோது, வசனம் கலைஞருடையதாகிக் கடைக்கோடிக் கொட்டகைக்கும் போய்ச் சேர்ந்தது. பிற்காலத்துச் சபா நாடகங்கள் இந்த வழியின் பேரப்பிள்ளைகள். ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே நடித்த நாகேஷ் அவற்றிலிருந்து வந்தார். அவர் உடம்பில் இருந்த தாளத்தை எந்தச் சபையும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது.

வண்டியைப் பூட்டியவர் ந. முத்துசாமி. புஞ்சைக்காரர், சிறுகதை எழுத்தாளர். 1970-களின் நடுவில் புரிசை நடேசத் தம்பிரானின் ‘கர்ண மோட்சம்’ பார்த்துவிட்டு, நவீன நாடகத்துக்கு வேண்டியதெல்லாம் இங்கே இருக்கிறதே என்று வியந்து நின்றவர். 1977-ல் கூத்துப்பட்டறை பிறந்தது. நடேசத் தம்பிரானின் தம்பி கண்ணப்பத் தம்பிரான் நகரத்துப் பிள்ளைகளுக்கு அடவு சொல்லித்தர வந்தார். இந்தப் பட்டறை மன்னிக்காதது உடம்பு சும்மா இருப்பதை. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விதார்த் என்று அங்கே பழகியவர்களைத் திரையில் பார்க்கும்போது, வசனம் இல்லாத இடத்தில் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். ‘சார்பட்டா பரம்பரை’யில் ரங்கன் வாத்தியாராகப் பசுபதி மேடையின் ஓரத்தில் நின்று சண்டை பார்க்கும்போது, அடி வாங்குவது யாரோ என்றாலும் தோள் அவருடையது அசைகிறது. விஜய் சேதுபதி அங்கே கணக்கெழுதப் போனவர். ஒத்திகையைப் பார்த்துப் பார்த்தே கற்றார். பின்னர் ‘சீதக்காதி’யில் (2018) ஒரு முதிய நாடக நடிகராகவே வந்தார்.

சினிமாவுக்குப் பள்ளி உண்டா என்றால், தரமணியில் திரைப்படக் கல்லூரி இருக்கிறது. அதில் படித்த நாசர், செங்கல்பட்டுக்காரர், 1995-ல் ‘அவதாரம்’ எடுத்துக் கூத்துக் குழுவின் கதையைச் சொன்னார். ஆனாலும் சினிமா எல்லாவற்றையும் மன்னிக்கும். தாளம் தப்பினால் எடிட்டர், குரல் போனால் டப்பிங், பாடம் மறந்தால் இன்னொரு டேக். அது மன்னிக்காதது ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை வசூல்.

இப்போது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தில் கூத்துக்கு வந்திருக்கும் சங்கடம் வேறு விதம். தொழிற்சாலைப் பேருந்து காலை ஷிப்டுக்கு வந்து நிற்கும் ஊரில் விடியவிடியக் கூத்துப் பார்ப்பது எப்படி? வேடம் கட்டும் பையனுக்கும் அதே ஷிப்ட் இருக்கலாம். ஆகவே கூத்தை இரண்டு மணி, மூன்று மணி நேரத்துக்குச் சுருக்கச் சொல்கிறார்கள். சுருக்கினால் ‘கர்ண மோட்ச’த்தில் முதலில் ஆபத்து பொன்னுருவிக்குத்தான். போருக்குப் போகுமுன் கர்ணன் மனைவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி மகன் என்று தன்னை இகழ்ந்தவளிடம் தன் பிறப்பைச் சொல்கிறான். பாட்டும் தர்க்கமுமாக நீளும் அந்தக் காட்சியில்தான் இரண்டு நடிகர்களின் தராதரமும் தெரியும். வெட்டியே ஆக வேண்டுமென்றால் போர்க் காட்சியில் வெட்டலாம் என்பது என் கட்சி. சண்டைக்குத்தான் சின்னப் பையன்கள் தூக்கம் தெளிந்து எழுந்து உட்காருகிறார்கள், அதில் கை வைக்காதீர்கள் என்று எதிர்க்கட்சி வாதாடும்; அதிலும் நியாயம் இருக்கிறது.