எறும்பின் படமும் எறும்பின் உண்மையும்

எறும்பைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர் சுறுசுறுப்பு, சேமிப்பு, ஒற்றுமை என்னும் மூன்று கருத்துகளில் அதனை முடித்துவிடுவர். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்னும் பழமொழி இறுதிப் பத்தியில் தவறாது இடம்பெறும். அறம் உரைப்பதற்கு வாய்த்த ஓர் உவமையாக எறும்பு அங்கு நிற்கிறதேயன்றி, உடலும் உணர்வும் உடைய ஓர் உயிராக நம்முன் வருவதில்லை. இக்குறையைப் போக்கவல்ல ஒரு கலை இன்று எளியோர் கைக்கும் எட்டியுள்ளது. சிற்றுயிரை மிக அருகில் நின்று பெரிதாக்கிக் காட்டும் அண்மை நிழற்படக் கலையே அது.

ஆயின், எறும்பின் படங்களை எந்த அளவுகோல் கொண்டு மதிப்பிடுவது? கவிதையையும் சிறுகதையையும் நுணுகித் திறனாயும் நாம், படம் என்றதும் அதனை மெய்யென்று ஏற்றுக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். பாடத்துணைப் பொருளாகப் படங்கள் பெருகிவரும் இக்காலத்தில் ஆசிரியர்க்கு இப்போக்கு பொருந்தாது. எனவே, எறும்புப் படங்களின் நிறைகுறைகளை ஈண்டு ஆராய்வோம்.

கைவினையின் பயன்

எறும்பைப் பெரிதாக்கிக் காட்டும் முயற்சி நிழற்படக் கருவிக்கு முற்பட்டது. இங்கிலாந்து நாட்டு அறிஞர் இராபர்ட் ஹூக் 1665ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மைக்ரோகிராபியா' என்னும் நூலில் எறும்பின் ஓவியம் ஒன்று உண்டு. அதனை வரைய அவர் பட்ட பாடு சிறிதன்று. கால்களை ஒட்டி நிறுத்தினால் எறும்பு உடலை முறுக்கித் திமிறியது. கொன்றாலோ வடிவம் கெட்டது. இறுதியில் அதனைச் சாராயத்தில் இட்டு மயங்கச் செய்தார். ஒரு மணி நேரத்திற்கு மேல் அசையாது கிடந்த எறும்பு, பின்னர்த் திடீரென விழித்தெழுந்து ஓடிவிட்டது. இவற்றையெல்லாம் அவர் மறைக்காமல் எழுதிவைத்தார். விளக்கொளியைக் குவிப்பதற்கு நீர் நிறைந்த கண்ணாடிக் குண்டினையும் அவரே அமைத்துக்கொண்டார். கையிலுள்ள பொருளைக் கொண்டு கருவி சமைக்கும் மரபு இவ்வளவு தொன்மையானது.

இன்றைய எளிய முறைகளும் இவ்வழி வந்தவையே. 50 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள சாதாரண வில்லைக்கும் கருவிக்கும் இடையே 50 மில்லிமீட்டர் நீளமுள்ள குழாயொன்றைப் பொருத்தினால், எறும்பின் உருவம் அதன் உண்மையான அளவிலேயே படச்சுருளில் விழும். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள சட்டத்தில், 9 மில்லிமீட்டர் எறும்பு கால் பங்கு இடத்தை நிரப்பும். அக்குழாயை அட்டையும் கறுப்புத் தாளும் ஒட்டுநாடாவும் கொண்டே செய்துவிடலாம். 100 மில்லிமீட்டர் வில்லையின் முன் 50 மில்லிமீட்டர் வில்லையைத் தலைகீழாகப் பொருத்தினால் உருவம் இரு மடங்காகும். பழுதடைந்த டிவிடி இயக்கியின் சிறு வில்லையைக் கைப்பேசியின் கண்மீது ஒட்டிப் படம் எடுப்போரும் உளர்.

செலவு குறைவு என்பது மட்டும் இம்முறைகளின் சிறப்பன்று. விலையுயர்ந்த கருவி தானே செய்துமுடிக்கும் பணியைக் கைவினைக் கருவியாளன் எண்ணிச் செய்ய வேண்டியுள்ளது. குழாயை நீட்டினால் உருவம் பெருகும். ஆனால் ஒளி குன்றும். மேலே கூறிய 50 மில்லிமீட்டர்க் குழாய் ஒளியை நான்கில் ஒரு பங்காக்கிவிடும். ஒளியை ஈடுசெய்ய ஃபிளாஷ் விளக்கை நாடினால், எறும்பின் பளபளக்கும் உடலில் அவ்வொளி வெண்புள்ளியாய்த் தெறித்து நுண்மயிர்களை மறைத்துவிடும். பால் புட்டியின் வெண்ணிறப் பிளாஸ்டிக்கையோ மெல்லிய தாளையோ விளக்கின்முன் கட்டினால் அக்குறை நீங்கும். உள்ளங்கை அகலத் தாள், எறும்பின் அளவுக்கு வானை மறைத்த வெண்முகிலாகும். இவ்வுண்மையைத் தானே கண்டறிந்த மாணவன் ஒளியியலில் ஒரு பாடத்தைக் கற்றவனாகிறான்.

அளவை இழந்த பெருமை

பெரிதாக்கம் ஒரு நன்மையைத் தரும்போதே ஒரு தீமையையும் செய்கிறது. சட்டம் முழுவதும் எறும்பின் முகமே நிறைந்துவிட்டால், அது எறும்பா யானையா என்று கூறும் அளவு எதுவும் படத்தில் இல்லை. இத்தகைய படங்கள் எறும்பை ஓர் அரக்கனாக்கி வியப்பை விளைவிக்கும்; அறிவை வளர்க்கமாட்டா. தெளிவாக விழும் பகுதியும் மிகக் குறைவு. இரு மடங்கு பெருக்கத்தில், எஃப் 8 என்னும் துளையளவில், அரை மில்லிமீட்டர் ஆழங்கூடத் தெளிவாக அமைவதில்லை. ஆகவே எந்தப் பகுதியைக் காட்டுவது, எதனை மங்கவிடுவது என்னும் தேர்வு படைப்பாளியின் மீது விழுகிறது. அத்தேர்விலே அவருடைய அறிவும் நேர்மையும் புலப்படும்.

அளவுணர்வு கெடாத படத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு, மார்க் மோஃபெட் எடுத்த சூறையாடும் எறும்பின் படம். எறும்பியல் அறிஞர் எட்வர்ட் வில்சனின் மாணவரான மோஃபெட், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இவ்வெறும்புகளை ஆராய்ந்தவர். 1986இல் இவற்றைப் பற்றிய அவருடைய கட்டுரை 'நேஷனல் ஜியாகிரபிக்' இதழில் வெளிவந்தது. இவ்வினத்தில் மிகப் பெரிய வேலைக்கார எறும்பு மிகச் சிறியதைப் போல் 500 மடங்கு எடையுடையது. அவர் எடுத்த படத்தில் பெரிய எறும்பின் தலைமேல் சின்னஞ்சிறு எறும்பு ஒன்று நிற்கிறது. இரண்டும் ஒரே கூட்டின் உறுப்பினர். ஒன்றன் அளவை மற்றது சொல்கிறது. அவ்வினத்தின் வாழ்க்கைமுறை ஒரே காட்சியில் விளங்கிவிடுகிறது. படம் தனக்குரிய அளவுகோலைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதுதான் அதன் வெற்றி.

கண்ணா, உணர்கொம்பா?

எறும்பைப் படம் எடுப்போர் பெரும்பாலும் அதன் கண்ணைத் தெளிவாக்குவதையே விதியாகக் கொள்கின்றனர். மனித முகத்தைப் படம்பிடிக்கும் மரபிலிருந்து வந்த விதி அது. எறும்புக்கு அது முற்றும் பொருந்துமா?

தொல்காப்பிய மரபியல் எறும்பை மூவறிவுயிர்களுள் வைத்தது; தொடுதல், சுவைத்தல், முகர்தல் என்னும் அறிவுகளை அதற்கு உரியதாக்கியது. எறும்புக்குக் கூட்டுக்கண் உண்டு என்பதை இன்று எந்த அண்மைப் படமும் காட்டும். நம் ஊர்த் தோட்டங்களில் கெரெங்கா எனப்படும் முசுறு எறும்புக்குப் பெரிய கண்களும் நல்ல பார்வையும் உண்டு. நாம் அருகில் சென்றால் தலையை உயர்த்தித் தாடையை விரித்து நிற்கும். எனினும், பெரும்பாலான எறும்புகளின் உலகம் மணத்தாலும் தொடுதலாலும் அமைந்தது என்பதில் ஐயமில்லை. வழியறிவதும் உறவறிவதும் உணர்கொம்பின் தொழில்கள். ஆகவே, இரண்டு எறும்புகள் உணர்கொம்புகளால் ஒன்றையொன்று தடவி அறியும் படம், கண் பளிச்சிடும் முகப்படத்தைவிட எறும்பின் உண்மைக்கு நெருங்கியது என்பது என் துணிபு. மனித முகத்தின் இலக்கணத்தை எறும்பின்மேல் ஏற்றுவது, அதனை மீண்டும் நம் உவமையாக்குவதேயாகும்.

மெய்யும் பொய்யும்

எறும்பு ஓரிடத்தில் நில்லாதது. அதனால் அதனைக் குளிரூட்டி மரத்துப்போகச் செய்தும், கொன்று ஒட்டியும், விரும்பிய நிலையில் அமைத்தும் படம் எடுக்கும் பழக்கம் பரவியுள்ளது. தெளிவு வேறுபட்ட பல படங்களைக் கணினியில் ஒன்றாக்கும் முறைக்கும் அசையாத எறும்பு தேவைப்படுகிறது. இறந்த எறும்பைப் படம் எடுப்பதே குற்றமென்று கூறவில்லை. கலிபோர்னியா அறிவியல் கழகத்தின் 'ஆன்ட்வெப்' தொகுப்பு, பாதுகாக்கப்பட்ட எறும்புகளைத் தலை, பக்கம், மேற்புறம் என மூன்று நிலைகளில் காட்டுகிறது. இது மாதிரியுடல் என்று அது வெளிப்படையாகவே சொல்வதால் அங்கே வஞ்சனை இல்லை. பிணத்தை நிறுத்திவைத்து, உயிர்வாழ்க்கையின் ஒரு கணம் என்று அழகிய தலைப்பிடுவதே பொய்யாகும். ஹூக் தம் எறும்பை மயக்கினார், மயக்கியதையும் சொன்னார். அந்நேர்மையே அவர் ஓவியத்திற்கு மதிப்பளிக்கிறது.

பொய்ப்படத்தைக் கண்டறியக் கருவியறிவைவிட எறும்பறிவே பெரிதும் உதவும். உணர்கொம்புகள் உயிரற்றுத் தொங்குகின்றனவா? சுமை தூக்கும் எறும்பின் கால்கள் பற்றுக்கோடின்றி மடங்கியுள்ளனவா? பகைகொள்ளும் இரு வேறு இனங்கள் அமைதியாகச் சேர்ந்து நிற்கின்றனவா? இவ்வினாக்கள் ஐயத்தை எழுப்பப் போதுமானவை. கெரெங்காவைப் போலவே தோற்றங்கொண்ட தாவும் சிலந்தி ஒன்றும் நம் நாட்டில் உண்டு. அது முன்னங்கால்களை உணர்கொம்புபோல் உயர்த்தி நடக்கும். கால்களை எண்ணிப் பார்ப்பவனே அதனை எறும்பன்று என்று அறிவான். படவிளக்கமும் பிழையின்றி அமைதல் வேண்டும். கெரெங்கா வெண்புழு ஒன்றைக் கவ்வி நிற்கும் படத்தை, இரை கொண்டு செல்கிறது என்று எழுதிவிடுதல் எளிது. உண்மையில், இலைகளை இணைத்துக் கூடு தைக்கும் பட்டிழை அவ்விளம்புழுவின் வாயிலிருந்தே வருகிறது. வளர்ந்த எறும்பு இழை நூற்பதில்லை. ஒரு சொல் பிழைத்தால் உலகின் வியத்தகு நெசவு ஒன்று வெறும் வேட்டையாகிவிடும்.

ஆசிரியர் கடன்

எனவே, எறும்புப் படம் ஒன்றைக் காணும்போது, எத்தனை மடங்கு பெரிது என்று வியப்பதோடு அமையாது, எறும்பின் வாழ்வில் எதனைக் காட்டுகிறது, எவ்வாறு எடுக்கப்பட்டது, விளக்கம் உண்மையா என்று மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இவை கட்டுரைக்கும் கவிதைக்கும் ஒத்த வினாக்களே. அட்டைக் குழாயும் பழைய வில்லையும் பால் புட்டித் துண்டும் கிடைக்காத பள்ளி இல்லை. மாணவர் தம் கையால் கருவி அமைத்துப் பள்ளித் தோட்டத்து எறும்பை ஒரு வாரம் நோக்கட்டும். எடுத்த படத்தின் கீழ்த் தாம் கண்டதை மட்டும் நல்ல தமிழில் நான்கு வரி எழுதட்டும். அப்பயிற்சி அறிவியலுக்கும் மொழிக்கும் ஒருங்கே பயன் தரும். பழமொழியில் முடிந்துவிடாத எறும்புக் கட்டுரைகளை நம் மாணவரிடமிருந்து அன்று பெறுவோம்.