மின்விசிறி இல்லாத அறைகளின் தீர்ப்பு

பத்தாயிரத்திலிருந்து இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குள் எந்த ஓப்பன் பேக் ஹெட்போன் வாங்குவது என்று கேட்டால் இப்போது மனப்பாடமாகப் பதில் வருகிறது. குரலுக்கு சென்ஹைசர் எச்டி 600 வகையறா. அடியாழத்து பாஸுக்கு ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ. எதிலும் பெரிய குறை வேண்டாம் என்பவருக்கு எச்டி 560எஸ். காசு பற்றாதவருக்கு பிலிப்ஸ் எஸ்எச்பி9500. ட்ரெபிள் கூராக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன் என்பவருக்கு பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ. இந்த வரிசையில் ஓரிரு பெயர்கள் இடம் மாறலாம். வரிசைக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை மட்டும் மாறுவதில்லை. இந்த விலையில் நல்ல ஒலி வேண்டுமென்றால் ஓப்பன் பேக்தான், மற்றதெல்லாம் சமரசம் என்பது அந்த நம்பிக்கை. மூடிய ஹெட்போனையோ இயர்போனையோ தேர்ந்தெடுப்பவர் பேருந்தில் போகிறவராக இருந்தால் மன்னிப்பு உண்டு. வீட்டில் உட்கார்ந்து கேட்பவராக இருந்தால் அவருக்கு ஒலியின் அருமை தெரியாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்குப் பட்டியலின் வரிசையோடு சண்டையில்லை. அந்த வரிசை எந்த அறையில் உட்கார்ந்து போடப்பட்டது என்று யாரும் கேட்பதில்லையே, அதோடுதான்.

ஓப்பன் பேக்கின் பெருமைகளை மறுக்க வேண்டியதில்லை. 1968இல் சென்ஹைசர் எச்டி 414ஐக் கொண்டுவந்தபோதே கொள்கை தெளிவாகிவிட்டது: ஒலியெழுப்பும் டிரைவரின் முதுகுப் பக்கத்து ஒலியை ஒரு கிண்ணத்துக்குள் அடைத்து வைக்காமல் வெளியே விட்டுவிட்டால், அது உள்ளேயே முட்டிமோதித் திரும்பி வந்து முன்பக்க ஒலியைக் கெடுப்பதில்லை. மலிவான மூடிய ஹெட்போன்களில் கேட்கும் அந்தக் குடத்துக்குள் பேசும் தொனி இதில் குறைவு. விலை அதிகமானால் ஒலி நன்றாக இருக்கும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. ஜெரோன் பிரீபார்ட் 2017இல் வெளியிட்ட ஆய்வு 283 ஹெட்போன்களை அளந்து பார்த்து, விலைக்கும் அதிர்வெண் வளைவுக்கும் தொடர்பில்லை என்று சொன்னது. ஆக, மலிவான ஓப்பன் பேக்கைக் கொண்டாடுவதில் நியாயம் இருக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: காது வேர்க்காது. இவ்வளவும் சரி.

ஆனால் இந்த வகை எங்கே வளர்ந்தது என்று பார்க்க வேண்டும். ஹனோவர் பக்கத்தில் சென்ஹைசர், ஹைல்புரோனில் பேயர்டைனமிக், வியன்னாவில் ஏகேஜி, புரூக்ளினில் கிராடோ. ஆண்டில் பெரும்பகுதி ஜன்னலைச் சாத்தி வைக்கிற ஊர்கள், குளிருக்காகக் கெட்டிச் சுவரும் இரட்டைக் கண்ணாடியும் வைத்துக் கட்டிய வீடுகள், தலைக்கு மேல் எதுவும் சுழலாத அறைகள். ஓப்பன் பேக்கின் முன்னும் பின்னும் திறந்திருப்பதால் அது வெளிச்சத்தத்தை அநேகமாகத் தடுப்பதே இல்லை. தாழ்ந்த, நடு அதிர்வெண்களில் அதை மாட்டினாலும் கழற்றினாலும் அறை ஒன்றுதான். அறை அமைதியாக இருந்தால் இது குறையாகத் தெரியாது. சென்னையிலோ மதுரையிலோ பத்து மாதம் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது. ஜன்னலைச் சாத்தினால் காற்று வராது, திறந்தால் தெருவே உள்ளே வந்துவிடும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. அந்த எல்லையை நம் தெருக்கள் எவ்வளவு மதிக்கின்றன என்பதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த 55ஐயே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், ஓப்பன் பேக் ஒப்பீடுகளில் பேசப்படும் நுணுக்கங்களில் பாதி அதற்கு அடியில் மூழ்கிக் கிடக்கும்.

விசிறியின் சத்தம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். காற்றைக் கிழிக்கும் இறக்கைகளின் இரைச்சல் ஒரு சுருதியில் நில்லாமல் பரவிக் கிடக்கும். அதன் எடை தாழ்ந்த பக்கத்தில் அதிகம். பழைய வகை மோட்டாரில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரட்டிப்பாக 100 ஹெர்ட்ஸில் ஒரு முனகல் இருக்கும்; மின் அலையை நறுக்கிக் கொடுக்கும் வகை எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தால் அந்த முனகலோடு ஒரு ரீங்காரமும் சேரும். மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிட்டாரும் உலவுகிற பகுதி இதுதான். கைபேசிச் செயலியில் அளந்து ‘ஐம்பதுதானே காட்டுகிறது’ என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். நாம் வழக்கமாகப் பார்க்கும் டெசிபெல், காதின் கூருணர்வுக்கு ஏற்பத் தாழ்ந்த அதிர்வெண்களைக் கழித்துச் சொல்லும் கணக்கு. 100 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபெல்லைக் கழித்துவிட்டுத்தான் அந்த எண் வருகிறது. மேசையில் ஐம்பது என்று தெரிகிற இரைச்சல் பாஸ் பகுதியில் அதைவிட உயரத்தில் நிற்கலாம். நேர்மையாக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த ஐம்பது எல்லா அதிர்வெண்களின் கூட்டுத்தொகை, தனித்தனிப் பட்டையில் அளவு குறைவு, ஆகவே இசை முழுவதும் மறைந்துவிடாது. மறைவது எது என்பதுதான் கேள்வி. மறைவது மெல்லியவை: தம்பூராவின் அடித்தளம், ஆலாபனையில் குரல் அடங்கிய பின் வயலின் தொடரும் வால், தாளவாத்தியத்தின் அடிக்குப் பின் தோலில் மிஞ்சும் அதிர்வு. விமர்சகர்கள் நுணுக்கம் என்று பெயரிட்டுப் புள்ளி போடுவது இவற்றுக்குத்தான்.

இதை வைத்துக்கொண்டு அந்தப் பட்டியலைத் திரும்பப் படித்தால் வரிசை குலைகிறது. எச்இ400எஸ்இயின் தனிப்பெருமை என்ன? பிளானர் டிரைவர் என்பதால் 30 ஹெர்ட்ஸ் வரை சரியாமல் நீளும் பாஸ். எச்டி 600 அதற்கு வெகு முன்பே சரியத் தொடங்கிவிடும். அமைதியான அறையில் இது உண்மையான வேறுபாடு, ஐயமில்லை. பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. விசிறியும் தெருவும் அந்த 41ஐ மூடினாலும் 82, 123 ஹெர்ட்ஸில் எழும் அதன் மடங்குகளை வைத்துக் காது சுருதியைக் கட்டிக்கொள்ளும். இளையராஜாவின் பேஸ் நடை அப்போதும் கேட்கும். அதன் கனம்தான் போகும். அதாவது, ஒரு ஹெட்போனை மற்றொன்றிலிருந்து பிரித்துக்காட்டிய குணம் போய், இரண்டும் ஒரே மாதிரி ஆகிவிடும். டிடி 990 ப்ரோவின் கதை இதைவிடச் சுவையானது. எட்டாயிரம் ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் அது எழுப்பும் முகட்டைக் குத்துகிறது என்று எல்லோரும் குறை சொல்கிறார்கள், ஈக்யூ போட்டு வெட்டச் சொல்கிறார்கள். விசிறியின் இரைச்சல் மெலிந்திருக்கும் பகுதி அது. ஓடும் விசிறிக்கு மேலே எழுந்து கேட்கும் தகவல் அந்தக் குறையிலிருந்துதான் வருகிறது. எஸ்எச்பி9500இன் வெளிச்சமான தொனியும் அப்படியே. அமைதியில் குறையாக எண்ணப்பட்டது இரைச்சலில் துணையாகிறது, சமநிலை என்று மெச்சப்பட்டது மங்கிப்போகிறது. எச்டி 600இன் நடுப்பகுதி மட்டும் பெரிதும் பிழைத்துக்கொள்ளும், குரல் எந்தச் சத்தத்திலும் எழுந்து நிற்கக்கூடியது என்பதால். ஆனால் அந்தப் பிழைப்பு குரலின் பலம், ஹெட்போனின் பலம் அல்ல.

சவுண்ட்ஸ்டேஜ் எனப்படும் இட உணர்வைத் தனியாகப் பேச வேண்டும், ஏனெனில் ஓப்பன் பேக் ஆதரவாளர்களின் கடைசி அரண் அதுதான். ஒலிப்பதிவில் இடத்தின் அகலமும் ஆழமும் பெருமளவு எதிரொலியின் வாலில் இருக்கின்றன. ஓர் அரங்கின் எதிரொலி நேரத்தை 60 டெசிபெல் தணிய எவ்வளவு ஆகிறது என்றுதான் அளக்கிறார்கள். 70 டெசிபெல்லில் பாட்டுக் கேட்பவருக்கு, சுற்றிலும் ஐம்பதை ஒட்டி இரைச்சல் இருந்தால், அந்த வாலின் முதல் இருபது முப்பது டெசிபெல்தான் காதுக்கு எட்டும்; மீதி அரங்கு கிடையாது. வெளிச்சத்தமும் சேர்ந்து கேட்பதால்தான் விசால உணர்வு வருகிறது என்று வாதிடுவோரும் உண்டு. அப்படியானால் நாம் காசு கொடுத்து வாங்கும் விசாலத்தில் ஒரு பங்கு விசிறிக்குச் சேர வேண்டும்.

வரைபடம் இருக்கிறதே, அது பொய் சொல்லாதே என்பார்கள். பொய் சொல்லாதுதான், கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். ஹெட்போன்களை அளப்பவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் ஏறுசுருதிச் சைன் அலை முறையை ஆஞ்ஜெலோ ஃபரீனா 2000இல் முன்வைத்தார். சுற்றொலியை அமுக்கி, டிரைவரின் பதிலை மட்டும் தூய்மையாகப் பிரித்தெடுப்பது அதன் சிறப்பு. ஒரு டிரைவரைப் பொறியியலாகப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழியில்லை. அதே வரைபடத்தைக் கேட்பவருக்கான தீர்ப்பாக எடுத்து நீட்டும்போது விபரீதம் நேர்கிறது: சத்தத்தை விலக்கிவிடும் ஒரு முறையால் அளந்துவிட்டு, சத்தத்தை உள்ளே விடுவதையே தன் வடிவமாகக் கொண்ட கருவியை மதிப்பிடுகிறோம். ஹார்மன் ஆய்வகத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் உருவாக்கிய விருப்ப வளைவும் அமைதியான கேட்பறைகளில் பிறந்ததுதான். அந்த வளைவோடு இரண்டு டெசிபெல் விலகியிருக்கிறதா, மூன்றா என்று எச்டி 560எஸ்ஸையும் ஏகேஜி கே702ஐயும் நிறுத்துப் பார்ப்பவர்கள், அறையின் சத்தம் அதைப்போல் பல மடங்கு அந்த வளைவைக் காதுக்குள் திருத்தி எழுதுவதை ஒரு வரியில்கூடக் குறிப்பிடுவதில்லை. வெளியொலித் தடுப்பு என்று ஒரு கட்டம் சில விமர்சனங்களில் இருக்கும். ஓப்பன் பேக் என்றால் அதில் பூச்சியம் போட்டு, ‘இது இந்த வகையின் இயல்பு’ என்று எழுதிவிட்டுக் கடந்துபோவார்கள். ஒலித்தரத்தின் மதிப்பெண்ணிலிருந்து அந்தப் பூச்சியத்தைப் பிரித்து வைத்தது யார், எந்த நியாயத்தில்?

தொடர்ந்து ஒலிக்கும் சத்தத்தை மூளை ஒதுக்கிவிடும், பத்து நிமிடத்தில் விசிறி கேட்காது என்பது அடிக்கடி வரும் மறுப்பு. விசிறியைக் கவனிக்காமல் இருக்கப் பழகுகிறோம், உண்மை. விசிறி மறைத்ததைக் கேட்கப் பழகுவதில்லை. உட்செவியிலேயே மூடப்பட்ட ஒலி மூளைக்குப் போய்ச் சேராது, பழக்கம் அதை மீட்டுத் தராது. ஒலியைக் கூட்டிக்கொள்ளலாமே என்பது இன்னொன்று. கூட்டலாம், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். விசிறிக்காக ஐந்தாறு டெசிபெல் கூட்டினால் ஆபத்தில்லை. தெருவைப் பார்த்த அறையில் பேருந்தின் ஹாரனுக்கும் அடுத்த மனையில் ஓடும் கல் அறுக்கும் இயந்திரத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டுமானால் கணக்கு வேறு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த வரம்பு வாரத்துக்கு 80 டெசிபெல்லில் 40 மணி நேரம். மூன்று டெசிபெல் கூடும்தோறும் நேரம் பாதியாகும், 90க்குப் போனால் நான்கே மணி நேரம். மேலும், ஓப்பன் பேக்கில் கூட்டியது பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் சேர்த்துக் கேட்கும். நள்ளிரவில் கேட்கிறேன், அப்போது அமைதி என்பவரிடம் எனக்கு வாதமில்லை. ஏசி அறையும் பின்கட்டும் உள்ளவரிடமும் இல்லை. ஆனால் அவர்களுக்கான பரிந்துரையை எல்லோருக்குமான தரவரிசையாக எழுதுவது சரியா?

மூடிய ஹெட்போன் மட்டும் விசிறியைத் தடுத்துவிடுமா என்று கேட்பவர்களின் கேள்வி வலுவானது. தாழ்ந்த அதிர்வெண்களில் சாதாரண மூடிய ஹெட்போனும் அதிகம் தடுக்காது. ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல்தான் அதன் தடுப்புக் கணிசமாகும். விலை குறைந்த மூடிய ஹெட்போன்களின் ஒலி பல வேளைகளில் மோசம் என்பதும் உண்மை. ஆகவே ஓப்பன் பேக்கை விட்டு நேரே குளோஸ்டு பேக்குக்குத் தாவுங்கள் என்பதல்ல என் வாதம். காதுக்குள் நன்றாகப் பொருந்தும் சிலிக்கான் முனை கொண்ட, இரண்டாயிரம் ரூபாய்க்கே கிடைக்கும் கம்பி இயர்போன் பதினைந்து இருபது டெசிபெல் சத்தத்தை வெளியே நிறுத்திவிடும். இரைச்சல் நீக்கும் ஹெட்போன்கள் மூடிய ஹெட்போன்கள் தோற்கிற அந்தத் தாழ்ந்த பகுதியிலேயே அவ்வளவோ அதற்கு மேலோ குறைக்கின்றன. நடுப்பகுதி இயல்பாக இல்லை, பாஸ் ஊதியிருக்கிறது, சவுண்ட்ஸ்டேஜ் தலைக்குள்ளேயே நிற்கிறது என்று ஓப்பன் பேக் அன்பர்கள் இவற்றின் மேல் அடுக்கும் குறைகள் அமைதியான அறையில் பெரும்பாலும் சரியானவை. விசிறி ஐந்தாம் எண்ணில் ஓடும் அறையில், மூன்று டெசிபெல் வளைவுப் பிழைக்கு எதிரே இருபது டெசிபெல் சத்தக் குறைப்பு நிற்கிறது. எது பெரிது என்று சொல்ல, ஒலி அளவைச் சமப்படுத்தி, இரண்டையும் அந்த விசிறியின் கீழேயே வைத்து ஒப்பிட வேண்டும். அதுவரை, அமைதியான அறை உள்ளவருக்கு மட்டும் என்ற ஒரு வரியை ஒவ்வொரு ஓப்பன் பேக் விமர்சனத்தின் தலைப்புக்கு அடியிலும், விலைக்குப் பக்கத்திலேயே, போட்டுவிடலாம்.