சிவகாசியும் ஆராய்ச்சியின் பரப்பும்

ஆராய்ச்சியின் பரப்பு இந்நாளில் மிக விரிந்துள்ளது என்பர். வணிகம், அறிவியல், சட்டம் ஆகிய துறைகளில் ஆண்டுதோறும் வெளிவரும் ஆய்வேடுகளின் தொகையை நோக்குவார் இக்கூற்றை மறுத்தற்கில்லை. ஆயினும் பல துறையினர் ஒரு பொருளைத் தொட்டனர் என்பதனாலேயே அப்பொருள் முற்றும் ஆராயப்பட்டதாகாது. இதற்குச் சிவகாசியினும் தக்க சான்று தமிழ்நாட்டிற் காண்டல் அரிது. மழை குறைந்த கரிசல் நிலத்தில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்னும் மூன்று தொழில்களால் வளர்ந்த இந்நகரைப் பற்றி மூன்று துறையினரும் நிறைய எழுதியுள்ளனர். அவ்வெழுத்துகள் ஒன்றையொன்று அறியாமல் நிற்கின்றன என்பதே யாம் ஈண்டுக் கூறவரும் குறை.

வணிகவியலாரை முதற்கண் நோக்குவோம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்ட வரலாற்றைச் சொல்லாத ஆய்வேடு அரிது. முயற்சி, சிக்கனம், மகமை வழியே திரண்ட பொதுப்பணம் ஆகியவற்றை அவர்கள் வளர்ச்சிக்குக் காரணமாகக் காட்டுவர். இராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட நாடார் சமூக வரலாறும் இவற்றை விரிவாகப் பேசுகின்றது. இவை உண்மையே. ஆனால் ஒரு வினா எஞ்சுகின்றது. எந்திரம் கொண்டு தொடங்கிய தொழில் விரைவில் கைத்தொழிலாக மாறி, பன்னெடுங்காலம் அவ்வாறே நிலைத்தது ஏன்? சுவீடன் நாட்டு முதலுடன் 1923-இல் தோன்றிய விம்கோ எந்திரத்தால் தீக்குச்சி செய்தது. அதனோடு கையால் செய்வார் எங்ஙனம் போட்டியிட்டனர்?

விடையின் ஒரு கூறு வரிச் சட்டத்தில் உள்ளது. 1922-இல் அயல்நாட்டுத் தீப்பெட்டிகளின்மீது இறக்குமதி வரி உயர்ந்தது. 1934-இல் உள்நாட்டு உற்பத்திக்குக் கலால் வரி வந்தது. பின்னாளில் கைத்தொழிற் கூடங்களுக்கு அவ்வரி குறைத்து விதிக்கப்பட்டது. சிறுதொழிலைக் காக்க எண்ணிய சலுகை அது. அச்சலுகையால் கைவேலை நிலைத்தது. அக்கைகளுட் பல சிறுவர் கைகளாயின. 1983-இல் ஸ்மிது கோத்தாரி தீக்குச்சிகளிற் படிந்த குருதி என்னும் கருத்துப்படத் தலைப்பிட்டு எழுதிய கட்டுரையும், 1991-இல் மைரன் வீனர் இந்தியச் சிறாரையும் அரசையும் பற்றி எழுதிய நூலும் அச்சிறுவரை உலகறியச் செய்தன. இராஜம் கிருஷ்ணனின் 'கூட்டுக்குஞ்சுகள்' அவர்களைத் தமிழ் நாவலுக்குட் கொணர்ந்தது. வரியின் வரலாற்றையும் சிறுவர் உழைப்பின் வரலாற்றையும் ஒரே கதையின் இரு பாதிகளாகக் காட்டும் ஆய்வேடே எமக்கு வேண்டுவது.

துறைகள் கூடிய இடத்து நற்பயன் விளைந்ததும் உண்டு. குளோரேட்டும் கந்தகமும் கலந்த கலவை சிறு உராய்விலும் வெடிக்கும் இயல்பினது என்பது வேதியியலார் நெடுங்காலம் அறிந்த செய்தி. 1992-இல் அக்கலவையை அரசு தடை செய்தது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் வெடிகள் கூடா என 1999-இல் எழுந்த விதியும் அத்தகையதே. அளவை அறிவியல் தந்தது; ஆணையைச் சட்டம் தந்தது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இன்னும் நுண்ணியவை. 1990 அக்டோபர் 31-இல் வெளிவந்த தீர்ப்பு, தீப்பெட்டி செய்தலிற் சிறுவரை ஈடுபடுத்தலாகாது என்றது. ஆயினும் உற்பத்தி நிகழும் இடத்துக்கு அப்பால் பெட்டிகளைப் பொதியும் வேலைக்கு அவர்களை வைத்துக்கொள்ளலாம் என்றது. செய்தல், பொதிதல் என்னும் இரு வினைச்சொற்களுக்கு இடையே ஒரு சிறுவனின் வாழ்வு நின்றது. 1996 டிசம்பர் 10-இல் வந்த தீர்ப்பு, சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு சிறாருக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. 2018 அக்டோபர் 23-இல் வந்த தீர்ப்போ பேரியம் உப்புகளையும் சரவெடியையும் விலக்கி, மாசு குறைந்த பசுமைப் பட்டாசுக்கு இடந்தந்தது. அவ்வாங்கிலத் தீர்ப்பிற் சரவெடிக்கு விளக்கமாக நின்றது 'லரி' என்னும் வடபுலச் சொல். சரம் பின்னிக் கூலி பெறும் பெண்டிர் தம் தொழிலின் பெயரை அவ்வேட்டிற் கண்டிரார். பேரியம் வேதியியலார்க்குப் பச்சை நிறந்தரும் பொருள். சட்டத்தார்க்கு விலக்கப்பட்ட பொருள். வணிகர்க்கு மாற்றுத் தேட வேண்டிய செலவு. நைட்ரேட்டாக நிற்குங்கால் அஃது எரிதலுக்கு உயிர்வளியும் தருவது. ஆதலின் அதனை நீக்கின் நிறம் மட்டுமன்றிக் கலவை முழுவதுமே மாறும். அதனைக் கையாளும் தொழிலாளியும் வேறொன்றைப் புதிதாகப் பழக வேண்டும்.

இங்குத் தமிழ்த்துறைக்கு என்ன வேலை எனச் சிலர் வினவலாம். ஒரு தொழில் நிகழ்தற்கு வேண்டுவன எட்டு எனத் தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலிற் கூறுவார்: வினை, செய்பவன், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னார்க்கு, இன்ன பயன். மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டு விபத்து நேர்ந்தது என நாளிதழ்கள் எழுதும் தொடரை இவ்வெட்டினோடு வைத்து நோக்குக. நிலமும் காலமும் செய்தியின் தலைப்பகுதியில் இருக்கும். கருவி ஓரளவு உண்டு. 'ஏற்பட்டு', 'நேர்ந்தது' என்னும் வினைகளிற் செய்பவன் மறைந்துவிட்டான். யார்க்காக, எப்பயன் கருதி என்பன அறவே இல்லை. அறிவியல் ஆய்வேடு கருவியோடு நின்றுவிடுகின்றது. சட்ட ஆய்வேடு செய்பவனைத் தேடுகின்றது. வணிக ஆய்வேடு பயனைக் கணக்கிடுகின்றது. எட்டினையும் ஒருங்கே வினவும் முறை எம் இலக்கணத்தில் முன்னரே உள்ளது.

வினவினால் வெளிப்படுவது 'உள்குத்தகை' என்னும் சொல். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளைப் பிறர் எடுத்து வேலை நடத்துவது அது. செய்த எண்ணிக்கைக்கேற்பக் கூலி என்பது வணிகச் செய்தி. கூலி கருதி விரையும் கையில் உராய்வு மிகும் என்பது அறிவியற் செய்தி. உற்பத்தி அறையொன்றில் நால்வருக்கு மேல் இருத்தலாகாது என்பது சட்டச் செய்தி. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உதவச் சென்ற அண்டையூராரும் அவருள் அடங்குவர். இத்தகைய துன்பம் இம்மூன்று செய்திகளும் சந்திக்கும் இடத்தில் நிகழ்வது. அவ்விடமோ எத்துறையின் எல்லைக்குள்ளும் அமையவில்லை.

'மருந்து' என்னும் சொல்லும் எண்ணத்தக்கது. நோய் தீர்ப்பதும் வெடிப்பதும் தமிழில் ஒரே பெயர் பெறுகின்றன. தெலுங்கின் 'மந்து', கன்னடத்தின் 'மத்து', பாரசீகத்தின் 'தாரு' ஆகியனவும் அங்ஙனமே இரு பொருளும் தருவன. மருந்து, மணிமருந்து, திரி, சரம் எனத் தொழிலாளர் வழங்கும் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு பொருளையும் அதன் நிலையையும் குறிப்பன. வேதியியல் ஆய்வேடுகளில் இவற்றுக்கு ஈடாக நிற்பவை வாய்பாடுகளே. பட்டாசுத் தொழிலாளி ஒருவர், வேதியியலார் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர் ஆகியோருடன் அமர்ந்து இச்சொற்களைத் தொகுத்தலும், எந்நிலையில் எம்மருந்து எவ்வளவு உராய்வைத் தாங்கும் என்பதைச் சொல்லுக்கு எதிரே குறித்தலும் எம் முதுகலை மாணவர் ஒருவர் ஓராண்டில் முடிக்கத்தக்க பணி. ஓர் அறையில் எத்துணைப் பேர், எவ்வளவு மருந்து என்பதை அவ்வறையின் வாயிற்பலகையில் அவர்கள் சொல்லாலேயே எழுத அத்தொகுப்பு உதவும்.