விளம்பர எண்ணும் பெப்ரவரிக் காற்றும்

பழைய சிறு ஜெட் ஒன்றை வாங்க நினைப்பவர்களிடையே நல்ல வழக்கம் ஒன்று உண்டு. உற்பத்தியாளரின் விளம்பரத் தாளை ஓரம் வைத்துவிட்டு, அதே விமானத்தை ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்களிடம் போவார்கள். உண்மையில் எவ்வளவு வேகம், எவ்வளவு எரிபொருள், எவ்வளவு தூரம் என்று கேட்டு முடிவெடுப்பார்கள். ரொறன்ரோவிலிருந்து பறக்கப்போகிறவருக்கு இந்தக் கேள்விகள் கட்டாயம் வேண்டும். ஆனால் பதில்களை அப்படியே நம்பி வாங்குவதும் ஆபத்து.

செஸ்னாவின் சைட்டேஷன் மஸ்டாங்கை எடுத்துக்கொள்வோம். 2006ல் சான்றிதழ் பெற்று 2017ல் உற்பத்தி நின்ற விமானம். பிராட் அண்ட் விட்னி கனடாவின் இயந்திரங்கள் இரண்டு. ஒரே விமானி ஓட்டலாம். தாளில் 340 நாட் வேகம், ஏறத்தாழ 1,150 கடல் மைல் தூரம். புளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் இங்கிருந்து சுமார் 1,050 கடல் மைல்தானே, ஒரே மூச்சில் போய்விடலாம் என்று தோன்றும். தாள் சொல்லும் தூரமோ காற்றே வீசாத வானத்துக்கும் பாதி காலியான இருக்கைகளுக்கும் உரியது. தாங்கிகளை நிரப்பினால் விமானியோடு நாலு பெரியவர்களையும் அவர்களுடைய பெட்டிகளையும் ஏற்ற எடை மிஞ்சாது. கல்கரி சுமார் 1,450 கடல் மைல். பெப்ரவரியில் மேற்கே போகும்போது 100 நாட் எதிர்க்காற்று அபூர்வமல்ல. அப்போது தரைவேகம் 240 நாட். வழியில் இறங்கி எரிபொருள் போடாமல் முடியாது. இதை எந்தத் தரகரும் தானாகச் சொல்வதில்லை, ஓட்டியவர் சொல்வார். இந்த வழக்கத்தின் பெரும் பலம் இது.

வேகத்தின் மோகத்தையும் இது தணிக்கிறது. லியர்ஜெட் 45 மஸ்டாங்கைவிட மிக வேகமானது. அதன் இறக்கைகள் நம் டவுன்ஸ்வியூவில் செய்யப்பட்டவை என்பதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் மொன்றியல் ஏறத்தாழ 270 கடல் மைல். ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் லியர்ஜெட் பத்து நிமிடம்போல முந்தும். அந்தப் பத்து நிமிடத்துக்காக ஒவ்வொரு மணிக்கும் கூடுதலாக எரியும் எரிபொருளுக்கு யார் பணம் கட்டுவது?

குறைகளுக்கு வருவோம். ஓட்டியவர் சொல்லும் எண் அவருடைய ஊரின் எண். அரிசோனாவில் பறந்தவரின் தரையிறங்கு தூரம் காய்ந்த, நீளமான ஓடுபாதையில் கிடைத்தது. ஒன்ராறியோவில் பனி உறைந்த பாதையின் உராய்வை அளந்து விமானிக்கு அறிவிக்கிறார்கள். அந்த எண் குறையக் குறைய நிற்கத் தேவையான தூரம் கடுமையாகக் கூடும். மஸ்டாங்கில் இயந்திர உந்துவிசையைத் திருப்பி நிறுத்தும் அமைப்பு கிடையாது. பழைய சைட்டேஷன் 2 விமானங்கள் பலவற்றில் அது உண்டு. எரிபொருள் கணக்கில் தோற்றுப்போகும் அந்தக் கிழ விமானம் பனிக்கால ஓடுபாதையில் வென்றுவிடலாம்.

அந்த ஓடுபாதைதான் எங்கே இருக்கிறது? மார்க்கம், ஸ்காபரோ வணிகர்களுக்குப் பக்கத்திலிருந்த பட்டன்வில் விமான நிலையம் 2023 நவம்பர் 30ஆம் திகதி மூடப்பட்டது. அந்த இழப்பை இந்த நகரம் இன்னும் சரியாக உணரவில்லை. தீவிலுள்ள பில்லி பிஷப் நிலையத்தில், நோயாளர் விமானங்கள் தவிர மற்ற ஜெட்டுகளை 1983 உடன்படிக்கை விலக்கியது. அதைத் தளர்த்த 2013ல் போர்ட்டர் விமான நிறுவனம் முயன்றது. 2015ல் மத்திய அரசு மறுத்தது. பியர்சன் விமான நிலையத்தில் இறங்க முன்பதிவு வேண்டும், செலவும் அதிகம். ஒஷாவாவின் நீளமான ஓடுபாதை சுமார் 4,250 அடி. கோடையில் மஸ்டாங்குக்குப் போதும், பனியில் நெஞ்சு படபடக்கும். ஹமில்டனிலும் வோட்டர்லூவிலும் நீளம் தாராளம், ஆனால் வானத்தில் மிச்சம்பிடித்த நேரத்தை 401 நெடுஞ்சாலை விழுங்கிவிடும்.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. பறப்புத்திறன் மாடலுக்குப் பொது. நாம் வாங்குவது ஒரு தனி விமானத்தை. ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு மஸ்டாங்குகள் ஒரே வேகத்தில் பறக்கும். ஆனால் ஒன்றின் இயந்திரங்கள் 3,500 மணிநேரப் பெருஞ்சீரமைப்பை நெருங்கியிருக்கலாம், மணிக்கணக்கில் பணம் கட்டும் பராமரிப்புத் திட்டத்திலும் சேராமல் இருக்கலாம். மலிவு விலையின் காரணம் அங்கேதான் கிடக்கும். விதிகளும் பறப்புத்திறன் எண்களில் தெரிவதில்லை. விமானத்தின் இருப்பிடத்தைச் சமிக்ஞையாக அனுப்பும் ஏடிஎஸ்-பி கருவி அமெரிக்காவில் 2020 முதல் கட்டாயம்; அங்கே அதற்கு வயிற்றுப்பக்க அன்டெனா போதும். கனடாவோ அந்தச் சமிக்ஞையைச் செயற்கைக்கோள் வழியே பெறுவதால், முதுகிலும் அன்டெனா கேட்கிறது: 18,000 அடிக்கு மேல் 2023 ஆகஸ்ட் முதல், அதற்குக் கீழுள்ள பி வகுப்பு வான்வெளியில் 2024 மே முதல். எல்லை தாண்டி மலிவாக வந்த விமானம் அழகாகப் பறக்கும், ஆனால் முதுகு அன்டெனா இல்லாவிட்டால் இங்கே அதற்குரிய உயரத்துக்கு ஏறுவது சிக்கல். லியர்ஜெட் 25 போன்றவை ஏறும் வேகத்தில் இன்றும் வியக்கவைப்பவை. ஆனால் இரைச்சல் காரணமாக, மாற்றியமைக்காதவற்றுக்கு 2015 முடிவோடு அமெரிக்கப் பெருநிலப்பரப்பு அடைபட்டுவிட்டது. அமெரிக்காவுக்குள் போக முடியாத ஜெட்டை வைத்து ரொறன்ரோக்காரர் என்ன செய்வார்?

மொன்றியல், ஒட்டாவா, நியூயோர்க் என்று பெரும்பாலும் மூன்று பேர் பறக்கும் நிறுவனத்துக்கு, பராமரிப்புத் திட்டத்தில் உள்ள மஸ்டாங் போதும் என்பேன். குடும்பத்தோடு புளோரிடா போவதுதான் நோக்கமென்றால் ஒரு படி பெரிய விமானத்தைத் தேட வேண்டும். இரண்டிலும் முன்பணம் கைமாறுமுன், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத பணிமனையில் இயந்திரப் பதிவேடுகளைப் பிரித்துப் பார்க்கச் செய்யுங்கள். அன்டெனா எத்தனை என்பதையும் கேளுங்கள்.