இருபதாம் லெவல் கேப்

சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற இணைய விளையாட்டில் முதல் நாள் ஒரு வில்லனைக்கூட அடிக்காமல் தூங்கப் போனவர்கள் உண்டு. மாலை முழுவதும் தன் ஹீரோவுக்கு உடை வடிவமைக்கும் காஸ்ட்யூம் திரையிலேயே கரைந்திருக்கும். பெல்ட்டுக்கு எந்தச் சிவப்பு என்று முடிவாகாமல் ஆட்டம் நடக்கும் பாரகன் சிட்டியை எப்படிக் காப்பாற்றுவது?

2004 ஏப்ரலில் கிரிப்டிக் ஸ்டூடியோஸ் கொடுத்த அந்தத் திரைக்கு இன்றுவரை நிகரில்லை என்றால் பிளாக் டெசர்ட் விளையாட்டின் பிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். பிளாக் டெசர்ட்டில் கன்னத்து எலும்பை இழுக்கலாம், முடிக்கற்றையைப் பிடித்து வளைக்கலாம். வாஸ்தவம்தான். ஆனால் விடிய விடியச் செதுக்கிவிட்டுச் சந்தைப் பக்கம் போனால், நிற்பவர்கள் எல்லாரும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகளாகத் தெரிகிறார்கள்.

பாரகன் சிட்டியில் போடும் உடைக்கும் பலத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பலம் கூட்டும் என்ஹான்ஸ்மென்ட்கள் உடம்பில் தெரியாது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டிலோ, நல்ல கவசம் கிடைத்த பாவத்துக்காகப் பொருந்தாத கால்சட்டையோடு திரிந்தவர்களுக்கு 2011 இறுதியில் கவசத்தின் தோற்றத்தை மாற்றித்தரும் டிரான்ஸ்மாக் வந்துதான் மானம் திரும்பியது.

இத்தனை தாராளத்துக்கு நடுவே ஒன்றை மட்டும் கையில் கொடுக்காமல் வைத்திருந்தார்கள்: கேப். விளையாட்டு வெளிவந்தபோது அது கிடையவே கிடையாது. 2004 செப்டம்பரில்தான் வந்தது, அதுவும் 20-ஆம் லெவலைத் தொட்டவர்களுக்கு. ரிக்டி என்ற எதிரிகளோடு நடந்த போரில் திரும்பாமல் போன ஹீரோ ஒன் என்ற வீரரின் நினைவாக நகரத்து வீரர்கள் கேப் அணிவதில்லை என்று காரணக் கதையும் உண்டு. வாரக்கணக்கில் வெறும் முதுகோடு ஓடியவருக்கு, முதல்முறை பறக்கும்போது பின்னால் படபடக்கும் அந்தத் துணி என்னவாக இருந்திருக்கும்! இன்று ஸ்கின் கடையில் கார்டு எண்ணைத் தட்டினால் நொடியில் இறக்கையே முளைக்கிறது. ஓடிக் களைத்த முதுகுதான் இல்லை.

விரும்பியபடி உடுத்தும் சுதந்திரம் நீதிமன்றத்தையும் பார்த்தது. தங்கள் ஹல்க்கையும் வுல்வரினையும் ஆட்டக்காரர்கள் நகலெடுக்க விளையாட்டை நடத்துபவர்கள் வழிசெய்து கொடுக்கிறார்கள் என்று 2004 நவம்பரில் மார்வெல் வழக்குப் போட்டது. சாட்சியமாகக் காட்டிய பாத்திரங்களில் சிலவற்றை மார்வெல் தரப்பே உருவாக்கியிருந்தது பிறகு வெளியானது. 2005 இறுதியில் சமரசம்.

2012 நவம்பர் 30 அன்று விளையாட்டை வெளியிட்ட என்சிசாஃப்ட் விளக்கை அணைத்தது. ரசிகர்கள் நடத்தும் ஹோம்கமிங் சர்வருக்கு 2024 ஜனவரியில் அதே நிறுவனம் உரிமம் கொடுத்தது. பாரகன் சிட்டியின் அட்லஸ் சிலையடியில் காஸ்ட்யூம் போட்டி வைப்பது பழைய வழக்கம். பரிசுக்கான இன்ஃப்ளூயன்ஸ் என்ற விளையாட்டுப் பணத்தை ஆட்டக்காரர் யாராவது தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார். பெல்ட்டின் சிவப்பு சரியில்லை என்று முணுமுணுக்கக் கூட்டத்தில் ஒருவர் எப்போதும் இருப்பார்.