சூரன்போரோடு முடியாத புராணம்

ஒருவர் பாட்டைப் படிக்க இன்னொருவர் அதன் பொருளைப் பயனாகச் சொல்லும் புராண படனம் பற்றி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சபை மூத்தோர் கேட்டார்கள். அவர்கள் சொல்லைத் தட்டுவது இக்கட்டுரையாளருக்கு வழக்கமில்லை. யார் யாரிடம் பாடம் கேட்டார், எந்தக் கோயிலில் யார் ஏடு எடுத்தார் என்பதெல்லாம் அங்கத்தவர் அறிந்ததே. பேச வேண்டியது கந்தபுராணத்தின் கடைசி இரு காண்டங்களான தேவ காண்டம், தக்ஷ காண்டம் பற்றி.

அதைப் பாடிய கச்சியப்பரின் 10,345 பாட்டும் யாழ்ப்பாணத்தாரின் உயிரோடு கலந்தவை. ஆறுமுக நாவலர் வழியில் பிழையற்ற பாடமும் சந்திப் பிரிப்பும் முதன்மை பெற்றன. அவர் மருகர் வித்துவசிரோமணி பொன்னம்பலபிள்ளை பயன் சொல்வதையே ஒரு கலையாக்கினார். சுன்னாகம் குமாரசுவாமிப் புலவரிடம் கற்ற பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அந்தப் பயனுக்குள் சித்தாந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்தார்.

எங்கள் ஊரான அளவெட்டியின் மரபு இவற்றுக்குச் சளைத்ததன்று. பத்மநாதனின் நாதஸ்வரமும் தட்சிணாமூர்த்தியின் தவிலும் கேட்டு வளர்ந்த காதுகள் இந்த ஊருக்கு உண்டு. சுருதி விலகினால் கும்பழாவளைப் பிள்ளையார் முன்றிலில் இருக்கும் கிழவிகூட முகம் சுளிப்பார். இக்கட்டுரையாளரின் ஆசான் விருத்தத்தை முதலில் முழுதாகப் படிப்பார். பிறகு அடியடியாகப் பிரித்துக் கொடுப்பார். பயன்காரர் சொல்லி முடிக்குமுன் அடுத்த பாட்டில் கண்ணை ஓட்டவும் மாட்டார். சிங்கமுகன் தமையன் சூரனுக்குப் புத்தி சொல்லும் இடத்தில் அவர் குரல் தாழும். அசுரன் வாயிலிருந்து வந்தாலும் நீதி நீதிதான் என்பார். அதே நிதானத்தோடு தேவ காண்டத்தையும் தக்ஷ காண்டத்தையும் படிப்பார். கேட்க நாலு பேர் இருந்தாலும் போதும் அவருக்கு.

இன்றைக்கு என்ன நடக்கிறது? யாரையும் சுட்டிச் சொல்வதற்கில்லை. ஆர்வத்தோடு உழைக்கும் இளையவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேலையும் குடும்பமும் உண்டு. ஆனாலும் சில இடங்களில் சூரன் மாமரமாகி, வேல் பிளந்து, மயிலும் சேவலும் ஆனதும் புத்தகத்தைப் பட்டில் சுற்றி வைத்துவிடுகிறார்கள். மிஞ்சியதைக் கேட்டால் "போர் முடிஞ்சுதே" என்கிறார்கள். தேவர்கள் ஏன் சூரனிடம் அகப்பட்டார்கள் என்று இந்திரன் மகன் சயந்தன் கேட்க, தேவகுரு வியாழன் மறுமொழி சொல்லத் தொடங்குவதே தக்ஷ காண்டத்தின் உபதேசப் படலத்தில்தான். சிவனை அவமதித்த தக்கன் வேள்வியில் போய் அவியுண்ட வினை அது. காரணத்தை விட்டுவிட்டுப் போரை மட்டும் படிப்பது என்ன படிப்பு?

கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசம் இருக்கிறோம். அந்த விரதத்தைச் சொல்லும் கந்த விரதப் படலம் அதே காண்டத்தில் இருக்கிறது. பிள்ளையார் கயமுகனை அடக்கிய வரலாறும் அங்கேயே. பிள்ளையார் ஊர் என்று பெருமைப்படும் நாங்கள் அதை வாசிக்காமல் விடுவதை எப்படிப் பொறுப்பது? கடைசிப் படலமான வள்ளியம்மை திருமணத்தைக் கோயிலில் கேட்காமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. நாதஸ்வரத்துக்கு ஒலிபெருக்கி, பயனுக்குச் சினிமாக் கதை, பாட்டுக்கு ஓட்டம்! விருத்தத்தை ஒரே மூச்சில் இழுத்துத் தள்ளினால் அது படனமாகுமா? சீர் தெரியாது, சந்தி தெரியாது, எந்த ராகத்தில் எடுத்தோம் என்பதும் தெரியாது. இப்படியே போனால் பிள்ளைகளுக்கு முருகன் என்றால் சூரன் தலை மாற்றும் வேடிக்கை மட்டும்தான்.

பண்டிதமணி முதுமையில் உரை எழுத எடுத்துக்கொண்டது தக்ஷ காண்டத்தை. 1967இல் அந்த உரை அச்சில் வந்தது. எல்லாரும் கொண்டாடும் யுத்த காண்டத்தை அவர் எடுக்கவில்லை என்பதைச் சபை யோசிக்க வேண்டும்.

மூத்தோரிடம் ஒரு விண்ணப்பம். இவ்வருஷம் சூரன்போருக்கு மறுநாளே தேவ காண்டத்தைத் தொடங்கட்டும். தெய்வயானை திருமணம் முதல் வள்ளி திருமணம் வரை, வெள்ளிதோறும், ஒலிபெருக்கி இல்லாமல், ஒருவர் படிக்க ஒருவர் பயன் சொல்லட்டும். வாசிக்க முன்வரும் இளையவருக்கு ஆசானிடம் கேட்ட பாடத்தைச் சொல்லிக்கொடுக்க இக்கட்டுரையாளர் ஆயத்தமாக இருக்கிறார்.