வேட்டைக் கணினி விளையாட்டுகளில் நடப்பியல்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

உணவுக்கான தொழிலாகத் தோன்றிய வேட்டை, காலப்போக்கில் மன்னர்க்கும் ஆட்சியாளர்க்கும் உரிய பொழுதுபோக்காயிற்று. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின்னர் அது பெரும்பாலும் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. காட்டில் தடைசெய்யப்பட்ட அச்செயல் கணினித் திரையில் தடையின்றி நிகழ்கிறது. மேலைநாடுகளில் உருவாகிய வேட்டை விளையாட்டுகள் தம்மை ‘நடப்பியல்’ சார்ந்தவை என்றே அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. அந்நடப்பியல் எதுவரை செல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வளர்ச்சி நிலை

1984இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘டக் ஹன்ட்’ விளையாட்டில் வேட்டை என்பது கைவேகம் மட்டுமே. வாத்து பறக்கும், குறி தவறினால் நாய் எழுந்து சிரிக்கும். 1997இல் வந்த ‘டீர் ஹன்டர்’ தடம் தேடுதலையும் காத்திருத்தலையும் விளையாட்டின் பகுதியாக்கியது. சுவீடனில் உருவாகி 2017இல் வெளிவந்த ‘தி ஹன்டர்: கால் ஆஃப் தி வைல்ட்’, சுலோவாக்கியாவில் உருவாகி 2022இல் வெளிவந்த ‘வே ஆஃப் தி ஹன்டர்’ ஆகிய இரண்டும் இப்போக்கின் முதிர்ந்த வடிவங்கள் எனலாம்.

ஈர்ப்புக்கான காரணம்

இவ்விளையாட்டுகளின் ஈர்ப்பு கொலையில் இல்லை. கொலைக்கு முந்தைய பொழுதில் உள்ளது. 2017ஆம் ஆண்டு விளையாட்டில் காற்று வீசும் திசையை அறியாமல் முன்னேறுவோரின் மணம் விலங்கை எட்டிவிடும். விரைந்து ஓடினால் ஓசை காட்டிக்கொடுக்கும். குளம்படித் தடமும் எச்சமும் விலங்கு கடந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதை உணர்த்தும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் சுட்டால் விலங்குகள் அவ்விடத்தைக் கைவிடும். இவற்றால், ஒரு மானைக் காணவே நெடுநேரம் பொறுத்திருக்க நேர்கிறது. வேகத்தையே முதலாகக் கொண்ட விளையாட்டு உலகில், பொறுமையையும் நிலத்தை உற்றுநோக்கும் பயிற்சியையும் கோருவது இவ்வகைமையின் தனிச்சிறப்பாகும்.

குறைபாடுகள்

முதற்குறை, விலங்கு ஓர் உயிராக அன்றிக் காலஅட்டவணையாக அமைவது. நீர் அருந்தும் இடமும் மேயும் இடமும் உறங்கும் இடமும் மணிக்கணக்கில் வரையறுக்கப்பட்டுள்ளன. அவற்றைக் குறித்துக்கொண்ட பின் தேடுதல் மறைந்து, குறித்த நேரத்தில் குறித்த இடத்திற்குச் செல்லும் பணியே எஞ்சுகிறது.

இரண்டாவது குறை, எண்ணிக்கை. கொல்லப்பட்டவற்றின் இடத்தில் வேறு விலங்குகள் தோன்றிவிடுகின்றன. எனவே, மிக அரிய ‘கிரேட் ஒன்’ விலங்கைத் தோன்றச் செய்வதற்காகவே சாதாரண மான்களை நூற்றுக்கணக்கில் கொன்று குவிக்கும் வழக்கம் ஆடுவோரிடையே வேரூன்றியுள்ளது. பொறுமையைக் கற்பிக்க வந்த அமைப்பே ஓயாத கொலைக்குப் பரிசளிப்பது இதன் அடிப்படை முரண்பாடாகும். 2022ஆம் ஆண்டு விளையாட்டு இதனை ஓரளவு களைய முயன்றுள்ளது. அதில் நற்பண்புடைய இளம் ஆண்விலங்குகளைக் கொன்றால் கூட்டத்தின் தரம் தாழும். ஆயினும் தரத்தின் அளவுகோலாகக் கொம்பின் சிறப்பே நிற்கிறது.

மூன்றாவது குறை, இறப்பு கணக்காக மாறுவது. விலங்கு வீழ்ந்ததும் குண்டு எவ்வுறுப்பைத் துளைத்தது என்பதைத் திரை காட்டுகிறது. மதிப்பெண்ணும் வெள்ளி, பொன், வைரம் என்னும் தகுதியும் வழங்குகிறது. உடல் உடனே மறைந்துவிடுகிறது. தோலுரித்தல், சுமத்தல், பகிர்தல் ஆகியவற்றுக்கு அங்கு இடமில்லை. 2022ஆம் ஆண்டு விளையாட்டில் இறைச்சியை விற்கலாம். அதுவும் கருவி வாங்குவதற்கான பணமாகவே முடிகிறது.

புறநானூற்று 152ஆம் பாடலோடு இதனை ஒப்பிடலாம். வன்பரணர் பாடிய அப்பாடலில் வல்வில் ஓரியின் ஓரம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி உடும்பில் தைக்கிறது. நடப்பியல் நோக்கில் அது நடவாத செயல். எனினும் வேட்டையின் முடிவு அங்கு மெய்யாக உள்ளது: வேட்டையில் வீழ்ந்த மானின் ஊனும் கள்ளும் பொன்னும் வழியில் கண்ட பாணர் சுற்றத்திற்கு வழங்கப்படுகின்றன. பாடலில் எய்தல் மிகைப்பட்டுள்ளது. பயன் மெய்யாக உள்ளது. விளையாட்டில் எய்தல் மெய்யாக உள்ளது, பயன் இல்லாதொழிந்துள்ளது.

எந்த உயிரும் உண்மையில் சாகவில்லை என்பதும், தோலுரித்தல் முதலியன சலிப்பூட்டும் என்பதும் இவற்றை ஆதரிப்போர் கூறத்தக்க மறுமொழிகள். முதற்கூற்று ஏற்கத்தக்கது, இந்தியச் சட்டச் சூழலில் அது சிறு நன்மையும்கூட. இரண்டாவது கூற்றை ஏற்பதற்கில்லை. நெடுநேரக் காத்திருத்தலைச் சுவையாக்க முடிந்த கலைக்கு, கொன்றபின் எழும் பொறுப்பைச் சுவையாக்குதல் இயலாததன்று.

முடிவுரை

வேட்டை விளையாட்டுகளின் நடப்பியல், துப்பாக்கி வெடிக்கும் கணம்வரை நுட்பமானது, அதன்பின் வெறுமையானது. காற்றையும் தடத்தையும் ஒளியையும் அளந்து காட்டும் இப்படைப்புகள், கொன்றவனுக்கும் கொல்லப்பட்டதற்கும் இடையிலான உறவை அளக்காமல் விடுகின்றன. அவ்வுறவு இடம்பெறும்வரை இவை வேட்டையின் திறனைக் காட்டுவனவாகவே அமையும். வேட்டையைக் காட்டுவன ஆகா.